வங்கக் கடலில் மறைந்த விமானம்

சென்னையிலிருந்து நேர் கிழக்கே வங்கக் கடலைக் கடந்து செல்லும் ஆகாய மார்க்கம் ஒன்று உண்டு. அதன் மறுமுனை அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரமான போர்ட் பிளேர். 2024-ஆம் ஆண்டில் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 1,360 கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. இத்தூரம் முழுவதிலும் விமானம் இறங்குவதற்கு ஒரு மணல் திட்டுக்கூடக் கிடையாது.

தமிழ் மக்களுக்கு இவ்வழி புதிதன்று. கப்பலேறிச் சென்று அந்தமானில் குடியேறியோர் பலர். அரசாங்க அலுவலின் பொருட்டும் வாணிகத்தின் பொருட்டும் சென்று திரும்புவோர் மேலும் பலர். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களில் ஒரு பகுதியினர் நிக்கோபார்க் கூட்டத்தைச் சேர்ந்த கச்சல் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். தீவுகளின் பாதுகாப்புக்கென முப்படைகளும் ஒரே தலைமையின் கீழ் இயங்கும் அமைப்பு 2001-இல் ஏற்பட்டது. அதன் பின்னர்ச் சென்னையை அடுத்த தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து ஆட்களையும் பொருள்களையும் ஏற்றிச் செல்லும் படை விமானங்களுக்கும் இவ்வழி வாடிக்கையான வழியாயிற்று.

இவ்வழியில் 2016-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சென்ற விமானம் ஒன்று போய்ச் சேரவில்லை. அதன் கதியை நாடு அறிந்துகொள்ள ஏழரை ஆண்டுகள் ஆயின. கடலில் மறையும் விமானத்தை ஏன் எளிதில் காண முடிவதில்லை, அதைத் தேடுவது எவ்வாறு, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் தேடுவதால் யாருக்கு என்ன பயன் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

விமானமும் பிரயாணிகளும்

அந்த விமானம் ஆன்டனோவ் 32 என்னும் வகையைச் சேர்ந்தது. சோவியத் நாட்டின் உக்ரேன் பகுதியில் வடிவமைக்கப்பெற்ற இவ்வகை இரட்டை எஞ்சின் சரக்கு விமானங்களை இந்திய விமானப்படை 1984 முதல் பயன்படுத்தி வருகிறது. வெப்பம் மிகுந்த இடங்களிலும், உயர்ந்த மலைப்பகுதிகளிலுள்ள சிறு ஓடுபாதைகளிலும் இறங்கி ஏற வல்லவை என்பதால் இவை விரும்பி வாங்கப்பட்டன. காணாமற் போன விமானத்தின் எண் கே 2743. அது கோயம்புத்தூரை அடுத்த சூலூரிலுள்ள 33-ஆவது படைப்பிரிவுக்கு உரியது.

அன்று காலை சுமார் எட்டரை மணிக்கு அது தாம்பரத்திலிருந்து கிளம்பியது. அதில் 29 பேர் இருந்தனர். அவர்களுள் 6 பேர் விமானத்தை இயக்கும் குழுவினர். மற்ற 23 பேர் பிரயாணிகள். பிரயாணிகளில் விமானப்படையினரும், தரைப்படையினரும், கடற்படை, கடலோரக் காவற்படை வீரர்களும் இருந்தனர். எஞ்சிய 8 பேர் படைவீரர் அல்லர். விசாகப்பட்டினத்திலுள்ள கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவில் ஊழியர்கள். ஊரிலே குடும்பத்தை விட்டுவிட்டு, இட்ட அலுவலை முடித்துத் திரும்பும் எண்ணத்துடன் புறப்பட்ட சம்பளக்காரர்கள் அவர்கள். வேலையின் பொருட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இத்தகைய பிரயாணத்தின் தன்மையை விளக்க வேண்டுவதில்லை.

புறப்பட்ட கால் மணி நேரத்திற்குப் பின் விமானி தரையோடு பேசினார், குறையேதும் கூறவில்லை. விமானம் 23,000 அடி உயரத்தில் சென்றுகொண்டிருந்தது. 9 மணி 12 நிமிடத்திற்குச் சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டர் தொலைவில் அது இடப்புறம் திரும்பி, வெகு விரைவாக உயரம் இழந்து, ராடார் திரையிலிருந்து மறைந்தது. ஆபத்துக் குறிப்பு எதுவும் வரவில்லை.

ராடாரின் எல்லை

விமானம் மறைந்த இடமும் கவனிக்கத்தக்கது. ராடார் கருவி அனுப்பும் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகையால் கரையிலிருந்து தொலைவு கூடக்கூட, தாழப் பறக்கும் பொருள்கள் பூமியின் வளைவுக்குக் கீழே மறைந்து விடுகின்றன. 23,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தைக் கரையிலுள்ள ராடார் ஏறத்தாழ 345 கிலோமீட்டர் வரையில்தான் காண இயலும். அதற்கு அப்பால் அந்தமானை நெருங்கும் வரையில் விமானம் தரை ராடாரின் பார்வையில் இராது.

280 கிலோமீட்டர் தொலைவில் ஒரு விமானம் விரைந்து கீழிறங்கினால், இறங்கத் தொடங்குவதை ராடார் காணும். கடலைத் தொடுவதைக் காணாது. கே 2743-இன் கடைசி நிமிடங்கள் இவ்வாறு பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றுவிட்டன. தேடுவோருக்குக் கிடைத்தது கடற்பரப்பில் ஒரு புள்ளியன்று; அப்புள்ளியைச் சூழ்ந்த ஒரு பெரு வட்டமே.

இதே கடலில் முன்னர் மறைந்தோர்

வங்கக் கடல் விமானங்களை விழுங்கியது அதுவே முதன்முறையன்று. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியப் படை 1942 மார்ச் 23-ஆம் தேதி அந்தமானில் இறங்கியது. 1945 அக்டோபரில்தான் பிரிட்டிஷார் தீவுகளை மீண்டும் கைக்கொண்டனர். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகளில் போர்ட் பிளேர் துறைமுகம் பலமுறை குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1942 ஏப்ரல் 2-ஆம் தேதி, இந்தியாவில் அமைந்த அமெரிக்கப் பத்தாம் விமானப்படையின் முதல் தாக்குதல் இத்துறைமுகத்தின் அருகே நின்ற கப்பல்கள்மீது நடந்தது. படைத்தலைவர் பிரெரட்டன் தாமே விமானத்தில் சென்றார். சேதமுற்ற போதிலும் விமானங்கள் அனைத்தும் திரும்பின. அதே மாதத்தில் பிரிட்டிஷ் ஹட்சன் விமானங்கள் பர்மாவின் அக்யாப் தளத்திலிருந்து வந்து, போர்ட் பிளேரில் நின்ற ஜப்பானியக் கடல் விமானங்களைத் தாக்கின. பிற்காலத்தில் வங்காளத்துத் தளங்களிலிருந்து லிபரேட்டர் என்னும் பெரிய விமானங்கள் வந்தன. இவ்வாறு சென்று மீளாத விமானங்களும் உண்டு.

தரையில் விழும் விமானத்திற்கும் கடலில் விழும் விமானத்திற்கும் உள்ள வேற்றுமை அக்காலத்திலேயே தெளிவாயிற்று. 1944 ஆகஸ்டில் ஜெர்மானியர் ஆட்சியை எதிர்த்து வார்சா நகர மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவர்களுக்கு ஆயுதமும் மருந்தும் கொண்டு செல்ல, இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்தை அடுத்த தளங்களிலிருந்து போலந்து, பிரிட்டிஷ், தென்னாப்பிரிக்க விமானிகள் இரவுதோறும் பறந்தனர். பிரிண்டிசிக்கும் வார்சாவுக்கும் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குள்ள தூரத்தைவிடச் சற்றே குறைவு. இடையில் எங்கும் இறங்காமல் சென்று திரும்ப வேண்டியிருந்தது. ஆகஸ்டு 14-ஆம் தேதி இரவு வார்சா சென்ற ஒரு லிபரேட்டர், திரும்பும் வழியில் போச்னியா நகரை அடுத்த நியெஷ்கோவிட்சே வியல்கியே என்னும் சிற்றூரில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 7 போலந்து வீரர்களும் மாண்டனர். இன்று அங்கே அவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. விழுந்த இடம் தெரியும்; ஊரார் கண்டனர்; இறந்தவர் பெயர்கள் அம்மண்ணோடு இணைந்துவிட்டன.

கடலில் விழுந்தோருக்கு அத்தகைய இடம் இல்லை. ஆகவே அவர்களுக்கென்று வேறொரு வழி கண்டனர். சிங்கப்பூரில் கிராஞ்சி என்னுமிடத்திலுள்ள யுத்த நினைவு மண்டபத்தில், கல்லறை அறியப்படாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. தெற்கு, கிழக்கு ஆசியாவிலும் அதனைச் சூழ்ந்த கடல்களிலும் பறந்து மறைந்த காமன்வெல்த் விமானப்படையினர் பெயர்களும் அவற்றுள் அடங்கும். அவர்களுள் பலருக்கு இறந்த தேதியே தெரியாது. இடம் இல்லாதவர்க்குப் பெயரையேனும் நிலைநிறுத்துவது என்பது அன்று செய்யக்கூடியதாயிருந்த கடமை. கடலின் அடியில் இறங்கித் தேடும் கருவி அக்காலத்தில் இல்லை.

தேடுதலின் இடர்கள்

2016-இல் நிலைமை மாறியிருந்தது. விமானம் மறைந்த செய்தி கிடைத்ததும் கடற்படையும், விமானப்படையும், கடலோரக் காவற்படையும் தேடத் தொடங்கின. மறுநாளே அந்நாளைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் வந்து தேடுதலை நேரில் பார்வையிட்டார். போர்க்கப்பல்களோடு ஒரு நீர்மூழ்கிக் கப்பலும் ஈடுபடுத்தப்பட்டது. பிறகு கடலாராய்ச்சிக் கப்பலான சாகர் நிதியும், புவியியல் ஆய்வுத் துறையின் சமுத்திர ரத்னாகரும் சேர்ந்துகொண்டன. நம் நாட்டில் ஒரு விமானத்திற்காகக் கடலில் நடந்த தேடுதல்களுள் அது மிகப் பெரியது.

இருந்தும் பயன் கிட்டவில்லை. காரணங்கள் பல. ஜூலை மாதம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். மேகம் தாழ்ந்து, கடல் கொந்தளித்திருக்கும். மிதக்கும் சிறு பொருள் எதுவாயினும் காற்றும் நீரோட்டமும் அதை நாள்தோறும் நெடுந்தூரம் இழுத்துச் செல்லும். தேட வேண்டிய பரப்பு நாளுக்கு நாள் விரிந்துகொண்டே போகும்.

ஆபத்துக் காலத்தில் தானே செய்தி அனுப்பும் வானொலிக் கருவிகள் விமானங்களில் உண்டு. அவை அனுப்பும் அலையை விண்கோள் வாங்கித் தரை நிலையத்திற்குத் தரும். பெங்களூரிலும் லக்னோவிலும் அத்தகைய நிலையங்கள் இருக்கின்றன. ஆயினும் வானொலி அலைகள் கடல் நீரை ஊடுருவிச் செல்ல மாட்டா. கருவி நீரில் மூழ்கிவிட்டால் அதன் குரல் விண்ணை எட்டாது. நீருக்குள் செய்தி செல்ல ஒலி ஒன்றே வழி. இதற்கெனப் பிரயாணி விமானங்களில் ஒலி எழுப்பும் கருவி ஒன்றைப் பொருத்துகின்றனர். அதன் மின்கலம் நெடுங்காலமாக 30 நாட்களுக்கே போதுமானதாயிருந்தது. பின்னர்தான் 90 நாட்களுக்கு நீட்டிக்கப்பட்டது. அந்த ஒலியும் ஆழ்கடலில் சில கிலோமீட்டருக்கு அப்பால் கேளாது.

இவை எல்லாவற்றிற்கும் மேலாக நிற்பது ஆழம். விமானம் மறைந்த பகுதியில் வங்கக் கடல் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. சூரிய ஒளி ஆயிரம் மீட்டருக்குக் கீழே சிறிதும் செல்வதில்லை. 3,400 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் நம் தலைக்கு மேலுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 340 மடங்கு. கங்கையும் பிரம்மபுத்திராவும் யுகயுகமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல், உலகிலேயே மிகப் பெரிய கடலடி விசிறியாக அங்கே விரிந்து கிடக்கிறது.

கருதப்படுகிறார் என்னும் சொல்

2016 செப்டம்பரிலேயே, எட்டு வாரங்கள் முடிவதற்கு முன்னர் மீட்புத் தேடுதல் கைவிடப்பட்டது. விமானத்திலிருந்த 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகின்றனர் என்று குடும்பத்தாருக்குக் கடிதம் சென்றது.

அரசாங்கக் கடிதங்களில் இச்சொல் கவனமாகக் கையாளப்படுவது. இறந்தார் என்று எழுத உடல் வேண்டும், அல்லது கண்ட சாட்சி வேண்டும். இரண்டும் இல்லாதபோது சூழ்நிலையைக் கொண்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் இதற்கென ஒரு விதி இருந்தது. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக அவரைப் பற்றி அறியக்கூடியவர்கள் 7 ஆண்டுகள் ஒரு செய்தியும் கேள்வியுறவில்லையாயின், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அவ்விதி. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதி தொடர்கிறது. விமானம் கடலில் விழுந்த நிகழ்ச்சிகளில் 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை. அரசு முன்னரே முடிவு கூறிவிடலாம். ஓய்வூதியம், சேமநிதி, வாரிசு உரிமை முதலியவை குடும்பத்திற்குக் கிடைக்க அம்முடிவு இன்றியமையாதது.

ஆனால் சட்டம் ஏற்றுக்கொள்வதையெல்லாம் மனம் ஏற்பதில்லை. ஈமக்கடன் செய்வதா, காத்திருப்பதா? திதி எந்த நாளில்? பொட்டும் பூவும் களைவதா, வைத்திருப்பதா? பிள்ளைகளிடம் என்ன சொல்வது? உடலைக் கண்ட குடும்பத்திற்குத் துக்கம் ஒன்று. உடலைக் காணாத குடும்பத்திற்கோ துக்கமும் நம்பிக்கையும் ஒன்றையொன்று விடாமல் பற்றி நிற்கின்றன. கருதப்படுகிறார் என்ற சொல் இரண்டில் எதையும் முடித்து வைக்காது.

கடலடியில் கண்ட காட்சி

சென்னைப் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993-இல் தொடங்கப்பட்ட இந்நிறுவனம் புவி அறிவியல் அமைச்சகத்தைச் சேர்ந்தது. ஆழ்கடற் கனிமங்களை ஆராய்வதற்காக, ஆளில்லாமல் தானே இயங்கும் நீர்மூழ்கிக் கலம் ஒன்றை அது வைத்திருக்கிறது. 6,000 மீட்டர் ஆழம் வரை செல்லக்கூடிய அக்கலத்திற்குக் கப்பலோடு இணைக்கும் வடம் கிடையாது. செல்ல வேண்டிய பாதையை முன்கூட்டியே அதற்குள் பதிந்துவிடுவர். தன் மின்கலத்தின் வலிமையால் சென்று, பார்த்ததைப் பதிவு செய்துகொண்டு மேலே வரும்.

கப்பலிலிருந்தே ஒலியை அனுப்பிக் கடலடியைக் காண முடியாதா என்று கேட்கலாம். நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். 3,400 மீட்டர் ஆழம் சென்று எதிரொலி திரும்ப நாலரை வினாடி ஆகும். அவ்வளவு தூரத்திற்குள் ஒலிக்கற்றை அகன்று பரவிவிடுவதால், மலையும் பள்ளமும் தெரியுமே ஒழிய விமானத்தின் உடைந்த துண்டு தெரியாது. தரைக்கு அருகில் சென்று பார்ப்பதே வழி. அதற்காகவே தானியங்கிக் கலம்.

அக்கலத்தில் மூன்று வகைக் கண்கள் உண்டு. முதலாவது, விசிறி போலப் பல ஒலிக்கற்றைகளை ஒருங்கே அனுப்பித் தரையின் மேடுபள்ளங்களை அளப்பது. இரண்டாவது, கலம் நகர்ந்துகொண்டே இருக்கையில் ஒரே பொருளிலிருந்து திரும்பும் பல எதிரொலிகளைத் தொகுத்து, மிகப் பெரிய கருவி ஒன்றால் எடுத்தாற்போன்ற நுட்பமான படத்தை அமைப்பது. மூன்றாவது, தன் விளக்கொளியைக் கொண்டு அருகில் சென்று புகைப்படம் எடுப்பது. முதலிரண்டும் இடத்தைக் காட்டும். மூன்றாவது பொருளைக் காட்டும்.

கே 2743 கடைசியாக அறியப்பட்ட பகுதியில் இக்கலம் இறக்கப்பட்டது. 3,400 மீட்டர் ஆழத்தில் விமானம் ஒன்றின் சிதைவுகள் அதன் படங்களில் தென்பட்டன. அவற்றைப் பரிசோதித்த வல்லுநர்கள், அவை ஆன்டனோவ் 32 விமானத்தின் அமைப்போடு ஒத்திருக்கின்றன என்று கண்டனர். அப்பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமற் போனதாகப் பதிவு இல்லை. ஆகவே இச்சிதைவுகள் கே 2743-இனுடையனவாயிருக்கலாம் என்று பாதுகாப்பு அமைச்சகம் 2024 ஜனவரி 12-ஆம் தேதி அறிவித்தது. அவை கிடக்கும் இடம் சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் என்றும் அவ்வறிக்கை கூறியது.

கண்டதனால் ஆய பயன்

ஏழரை ஆண்டுகளுக்குப் பின் ஓர் இரும்புக் குவியலைக் கண்டதனால் யாருக்கு என்ன நன்மை என்று வினவுவோரும் உண்டு. இரண்டு நன்மைகளைக் குறிப்பிடலாம்.

ஒன்று, இனி வரும் பிரயாணிகளுக்கு ஆவது. 2009 ஜூன் முதல் தேதி பிரேசிலிலிருந்து பாரிசுக்குச் சென்ற ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் சமுத்திரத்தில் விழுந்து 228 பேர் மாண்டனர். கடலடியில் ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழத்தில் அதன் பெரும்பகுதியைக் காண ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன. அதைக் கண்டதும் இத்தகைய தானியங்கிக் கலமே. பதிவுக் கருவிகளை மேலே கொணர்ந்து ஆராய்ந்ததில், வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி உறைந்ததும், அதன்பின் விமானத்தைக் கையாண்டதில் நேர்ந்த பிழைகளும் தெரிய வந்தன. விமானிகளின் பயிற்சி திருத்தப்பட்டது. நீருக்குள் ஒலி எழுப்பும் கருவியின் ஆயுள் 30 நாட்களிலிருந்து 90 நாட்களாக நீண்டதும் அவ்விபத்தின் படிப்பினையே. காணாமல் விட்டிருந்தால் இவற்றுள் பல நடந்திரா.

மற்றொன்று, குடும்பத்தாருக்கு ஆவது. 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதைக் கொண்டு போனவர்களைத் திருப்பித் தர யாராலும் இயலாது. ஆனால் இன்ன இடம் என்று ஒரு புள்ளியைக் காட்ட முடிந்தது. கிழக்கு நோக்கி நீர் வார்க்க விரும்புகிறவர்களுக்கு அது போதும். எங்கேனும் ஒரு தீவில் ஒதுங்கியிருப்பாரோ என்ற ஐயத்தால் உறக்கமிழந்தவர்களுக்கு, அந்த ஐயத்தை இறக்கி வைக்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

யுத்த காலத்தில் இதே கடலில் மறைந்த விமானிகளுக்கு நாம் பெயரை மட்டுமே கல்லில் எழுத முடிந்தது. இன்று இடத்தையும் கூற வல்லவர்களாயிருக்கிறோம். மீட்புக்கான தேடுதல் ஒரு நாளில் நிறுத்தப்பட்டே தீர வேண்டும். உயிரோடு மீட்கும் நம்பிக்கை அற்றபின் கப்பல்களையும் மாலுமிகளையும் கொந்தளிக்கும் கடலில் வைத்திருத்தல் நியாயமாகாது. உண்மையைத் தேடுவதற்கு அத்தகைய கெடு இல்லை. கருவி ஆயத்தமானபோது மீண்டும் அதே இடத்திற்குச் சென்று பார்த்தது பாராட்டத்தக்க செயல்.

அரசின் ஆணையை ஏற்று ஊர் விட்டு ஊர் செல்லும் ஒவ்வோர் ஊழியரும், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் வீட்டாருக்குச் செய்தி வந்து சேரும் என்ற நம்பிக்கையோடுதான் புறப்படுகிறார். அந்த 29 பேரின் வீடுகளுக்குச் செய்தி காலந்தாழ்ந்தே சென்றது. ஆயினும் போய்ச் சேர்ந்தது.